ஹோமரின் கைராசி டாக்டர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஆர்கன்சா எல்லையை நெருங்கிய வடகோடியில் இருக்கிறது ஹோமர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை மூவாயிரத்தை எட்டவில்லை. உள்நாட்டுப் போருக்கு முன்பே எழும்பிய நீதிமன்றக் கட்டடம் ஊருக்கு அடையாளம். அந்த ஊர் பெருமைப்பட இன்னொரு காரணம் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ். தோளோ முழங்காலோ போய்விட்டால் அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஓடியது இந்த மண்ணின் மைந்தரிடம்தான்.

1942-ல் பிறந்த ஆண்ட்ரூஸ் முதலில் விளையாட்டு வீரர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக மாணவராக, 1963-ல் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் கோலூன்றித் தாண்டுதலில் முதலிடம் பெற்றார். பிறகு மருத்துவம் படித்து, பிரான்சின் லியோன் நகரில் முழங்கால் அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றார்.

சிறு துளை வழியே கேமராவைச் செலுத்தி மூட்டைச் சீராக்கும் ஆர்த்ராஸ்கோப்பி முறை அவருக்குப் புகழ் தேடித்தந்தது. 1985-ல் பேஸ்பால் வீரர் ரோஜர் கிளெமென்ஸின் தோளுக்குச் சிகிச்சை செய்தார். மறு ஆண்டே கிளெமென்ஸ் ஒரே ஆட்டத்தில் 20 பேரை வீழ்த்தி சாதனை படைத்தார்.

சொந்த மாநிலமும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. 2005 இறுதியில் கால்பந்து வீரர் ட்ரூ பிரீஸின் பந்தெறியும் தோள் நழுவியது. சில நாட்களில் ஆண்ட்ரூஸ் அதைச் சரிசெய்தார். கத்ரினா புயலில் சிதைந்திருந்த நியூ ஆர்லியன்ஸ் நகரின் அணி பிரீஸை நம்பிச் சேர்த்துக்கொண்டது. 2010-ல் முதல்முறையாக சூப்பர் பௌல் கோப்பையை வென்றது.

ஆனால் புகழின் உச்சியில் டாக்டரை வாட்டியது வேறொரு கவலை. முழங்கை தசைநார் அறுந்து அவரிடம் வந்தவர்களில் பள்ளிச் சிறுவர்கள் பெருகினார்கள். ஆண்டு முழுக்க ஒரே ஆட்டம், ஓய்வில்லாமல் பந்தெறிதல், களைத்த பிறகும் வேகம் கேட்கும் பெரியவர்கள். அறுவை செய்தால் கை இன்னும் வலுவாகும் என்ற மூடநம்பிக்கை வேறு சில பெற்றோரிடம் இருந்தது.

பர்மிங்ஹாமில் 1987-ல் அவர் நிறுவிய ஆய்வு நிலையம், பந்தெறியும்போது மூட்டுகள் தாங்கும் சுமையை அளந்தது. இத்தகைய ஆய்வுகளின் பலனாக, சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007-ல் பந்துகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. 11, 12 வயதுச் சிறுவர்களுக்கு ஒரு நாளில் 85 பந்துகள்தான். 2013-ல் வீரர்கள், பெற்றோர்கள், பயிற்சியாளர்களுக்காக ஒரு புத்தகமும் எழுதினார் ஆண்ட்ரூஸ்.

2024-ல் அவர் ஓய்வு பெற்றார். அவர் கைபட்டு எழுந்த நட்சத்திரங்களின் பட்டியல் நீளமானது. அவர் எச்சரிக்கையால் கத்திக்குத் தப்பிய சிறுவர்களுக்குப் பட்டியல் கிடையாது. ஹோமர் கூடுதலாகப் பெருமைப்பட வேண்டியது அவர்களை நினைத்துத்தான்.