எட்டுக் கம்பிகளும் ஒரு சிறு கணிப்பொறியும்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகை. செயலி, நினைவகம், கம்பி செருகும் துளைகள் யாவும் அதிலேயே அமைந்திருக்கும். இதனை ஒற்றைப் பலகைக் கணிப்பொறி என்பர். மாணவர்கள் கணிப்பொறி கற்பதற்கென்று 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை இவ்வகையில் புகழ் பெற்றது. 2019இல் வந்த அதன் நான்காம் பதிப்பு, ஈதர்நெட் கேபிள் வழியே நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்தில் செய்தி அனுப்ப வல்லது. இவ்வேகமே ஜிகாபிட் எனப்படும்.

எங்கள் கணிப்பொறி அறையிலும் இத்தகைய பலகை ஒன்று உண்டு. பழைய வினாத்தாள்களையும் பாடக் காணொளிகளையும் மற்றக் கணிப்பொறிகளுக்கு வழங்குவது அதன் பணி. அரையாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் தொடர்பு அடிக்கடி அறுந்தது. "பலகை பழுது, சிஸ்டர், புதிதுதான் வாங்க வேண்டும்" என்று நாங்கள் கூறிவிட்டோம். "சோதித்துப் பார்த்துவிட்டா சொல்கிறீர்கள், பிள்ளைகளே?" என்று சிஸ்டர் கேட்டார்கள். தலைகுனிந்தவாறே சோதனையைத் தொடங்கினோம்.

முதலாவது, மின்சாரம். இப்பலகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். ஏதோ ஒரு செல்பேசிச் சார்ஜரைச் செருகினால் மின்னழுத்தம் குறைந்து பலகை தடுமாறக்கூடும். எங்கள் அடாப்டர் சரியானதே.

இரண்டாவது, வேகம். எத்டூல் என்னும் கட்டளையால் வேகத்தை 100க்குக் குறைத்தோம். அன்று முழுவதும் தொடர்பு அறவில்லை. 1000க்கு உயர்த்தியதும் மீண்டும் அறுந்தது. இதுவே நல்ல துப்பு. கேபிளினுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகளே போதும். 1000க்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கும் வேண்டும். ஒவ்வோர் இணையும் 250 மெகாபிட் சுமக்கும். ஆனால் எவ்வேகத்தில் பேசுவது என்று இரு முனைகளும் முதலில் உடன்படுவது, ஆரஞ்சு, பச்சை இணைகளின் வழியேதான். ஆகவே 1000 என்று வாக்களித்த பின்னர், மற்ற இணைகளில் ஒன்று கைவிட்டால் தொடர்பு அறுகிறது.

மூன்றாவது, ஒவ்வொன்றாக மாற்றுதல். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குறை எதிலே என்று தெரியாது. சுவிட்சில் வேறு துளையில் செருகினோம், பயனில்லை. வேறொரு நல்ல கேபிளைச் செருகினோம், தொடர்பு நிலைத்தது!

பழைய கேபிளின் முனையை உற்றுநோக்கினோம். பழுப்புக் கம்பி ஒன்று உள்முனைவரை எட்டாமல் நின்றிருந்தது. கிரிம்பிங் கருவியால் அதைப் பொருத்தியவர்கள் யார்? நாங்களேதான்! முனையை வெட்டி, எட்டுக் கம்பிகளையும் சமமாக நறுக்கி, மீண்டும் பொருத்தினோம். சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னோம். புதுப் பலகையின் செலவு மிஞ்சியது.

கேபிளை மாற்றியும் குறை தீராவிடில் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிடில் 100 வேகத்திலேயே ஓட்டலாம். வினாத்தாள்களுக்கு அது தாராளம்.

அன்புத் தோழியரே, பேசாத பலகையின்மீது பழி சுமத்துவது எளிது. அதற்குமுன் நம் கைவேலையைச் சோதித்துப் பார்ப்போமாக!