செந்தொடை வல்லூறு: காடு முடியும் இடத்தில் முடியும் பறவை

செந்தொடை வல்லூறு மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வாழும் வேட்டைப் பறவை. அலகிலிருந்து வால் நுனி வரை 23 முதல் 28 செ.மீ. நீளமே உண்டு. ஆண் பறவை நூறு கிராம்கூடத் தேறாது. பெண் அதைவிடப் பெரியது. முதுகு கருஞ்சாம்பல், தொண்டை வெள்ளை, விலாவும் தொடையும் செம்பழுப்பு, கண் சிவப்பு. பறக்கையில் வாலின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை பளிச்சிடும். ஜெர்மானியப் பறவையியலாளர் ஹார்ட்லாப் 1855இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

குட்டையான, நுனி உருண்ட சிறகும் நீண்ட வாலும் மரநெருக்கத்தில் சட்டென்று வளைந்து திரும்ப உதவுகின்றன. கிளை நிழலில் அசையாமல் காத்திருந்து பாய்ந்து பிடிப்பதே இதன் வேட்டை முறை. சிறு பறவை, பல்லி, தவளை, பூச்சி எல்லாம் இரையாகும். வானில் வட்டமிடுவது அரிது என்பதால் இது வாழும் காட்டிலேயே பலரும் இதைப் பார்த்ததில்லை.

இதன் பரவலைப் புரிந்துகொள்ள அங்குள்ள காடுகளின் வரைபடமே போதும். காம்பியா, கினிப் பகுதியில் தொடங்கி லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா வழியாக நைஜீரியா வரை ஒரு துணையினம். கேமரூனிலிருந்து காங்கோ வடிநிலம் முழுவதும், கிழக்கே மேற்கு உகாண்டா, தெற்கே வடக்கு அங்கோலா வரை செம்மை கூடிய மற்றொன்று. பின்னதை 1894இல் விவரித்த ரைஷெனோ, கேமரூனில் மாதிரிகள் சேகரித்த சென்கரின் பெயரை அதற்கு இட்டார்.

இந்த நீண்ட காட்டுப் பட்டை நடுவில் அறுபடுகிறது. டோகோவிலும் பெனினிலும் மழை குறைவு. அங்கே புல்வெளி கடற்கரை வரை இறங்கிவிடுகிறது. 'தகோமி இடைவெளி' எனப்படும் இது ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் பருவநிலை வறண்டபோது உருவானது.

காட்டுக்கு வெளியே உள்ள நிலம் உறவுப் பறவைகளுக்கு உரியது. எத்தியோப்பியா முதல் தென்னாப்பிரிக்கா வரை ஆற்றோர மரங்களிலும் திறந்த காடுகளிலும் மஞ்சள் கண் கொண்ட சின்ன வல்லூறு வாழ்கிறது. தமிழ்நாட்டுத் தோப்புகளில் பழகிய வல்லூறும் ஆப்பிரிக்காவில் உண்டு. அது சவன்னாவில் திரிகிறது.

இனம் முழுவதும் அழியும் நிலையில் இல்லை. ஆனால் மேற்குப் பாதியில் நிலைமை கவலைக்குரியது. ஐவரி கோஸ்ட்டில் 1960க்குப் பின் காட்டின் பெரும்பகுதி கோகோ தோட்டத்துக்காகவும் மரத்துக்காகவும் வெட்டப்பட்டது. அங்கே எஞ்சிய மழைக்காட்டில் மிகப் பெரிய துண்டு, 1982இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தாய் தேசியப் பூங்கா. இந்தப் பறவைக்குக் கோகோ தோட்டம் காட்டுக்கு ஈடாகாது.