வெளிநாட்டு வேலைக்கு 'பயோ-டேட்டா': நம்ம ஊர் ஆட்கள் கோட்டை விடுவது எங்கே?

தூத்துக்குடி:

ஹார்பரில் கிரேன் ஓட்டியவர், தோணியில் தண்டலாக இருந்தவர், உப்பளத்தில் மோட்டார் மெக்கானிக்... எல்லாருக்கும் கையில் தொழில் இருக்கிறது. துபாய், கத்தார் போக பாஸ்போர்ட்டும் ரெடி. ஆனால் 'பயோ-டேட்டா' என்றதும் டி.டி.பி. சென்டருக்குப் போய், "எல்லாருக்கும் போடுத மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்று வாங்கி வந்து விடுகிறார்கள். அதில் மதம், உயரம், எடை எல்லாம் இருக்கும். என்ன வேலை தெரியும் என்பது மட்டும் இருக்காது!

பெயரிலேயே வில்லங்கம்

நம்ம பக்கம் இனிஷியல் வைப்பது வழக்கம். பள்ளி சான்றிதழில் 'எம்.முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் முத்தையா', டிரைவிங் லைசென்சில் வெறும் 'முருகன்'. நமக்கு ஒரே ஆள். அங்கே பேப்பரைப் பார்க்கிறவருக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அப்படியே பயோ-டேட்டாவிலும் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தால் 'விசிட் விசா'வில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் கெடுபிடி செய்தது. வேலை விசாவுக்கு அது கிடையாது. ஆனால் 'முதல்ல விசிட்ல போ, அப்புறம் மாத்திக்கிடலாம்' என்று ஆசை காட்டும் ஆசாமிகள்தான் இங்கே ஜாஸ்தி. விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பது அங்கே குற்றம்.

'ஹார்பர் வேலை' என்றால்?

'துறைமுகத்தில் 8 வருடம்' என்று ஒரே வரியில் முடித்தால் யாருக்கு என்ன புரியும்? எந்த கிரேன், எத்தனை டன், கன்டெய்னரா நிலக்கரியா, எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை என்று எழுதுங்கள். கடைசியாகப் பார்த்த வேலை முதலில் வர வேண்டும். 2 பக்கம் தாண்ட வேண்டாம்.

முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்று போனது. இப்போது கடலில் முங்குகிறவர்கள் சங்கு குளிப்பவர்கள்தான். 20 வருட அனுபவம் இருந்தாலும், எண்ணெய்க் கிணறு கம்பெனிகளில் 'டைவர்' வேலைக்கு சர்வதேச அங்கீகாரம் பெற்ற பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அனுபவத்தை உள்ளபடி எழுதலாம். சான்றிதழ் இருப்பது போல எழுதக் கூடாது.

கப்பல் வேலைக்கு என்றால் சி.டி.சி. எண்ணும் இண்டோஸ் எண்ணும் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு கப்பல் போக்குவரத்து இயக்குனரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் உண்டா என்று பாருங்கள். அந்த லைசென்ஸ் உள்ளவர் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் ஆள் டுபாக்கூர்!

'நான் பார்த்துக்கிடுதேன்'

10-ம் வகுப்பு பாஸ் ஆகாதவர்களுக்கு 'இ.சி.ஆர்.' பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். "பத்து பாஸ்னு போட்டுக்கிடுவோம், நான் பார்த்துக்கிடுதேன்" என்று ஏஜெண்டு சொன்னால் எழுந்து வந்து விடுங்கள். மாட்டிக்கொண்டால் உள்ளே போவது அவரல்ல, நீங்கள். தெரியாத வேலையைத் தெரியும் என்று போட்டாலும் நேரடி சோதனையில் வெளுத்து விடும். வெல்டர் என்றால் கையில் ராடு கொடுத்து ஒட்டச் சொல்வார்கள்.

மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜெண்டு யார் என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. தனி. சென்னையில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு ஏஜெண்டு இல்லாமல் நேரடியாகவே பயோ-டேட்டா அனுப்பலாம். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை யாரிடமும் 'சும்மா வச்சிருங்க' என்று கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஒரு காப்பி

கொரோனா நேரத்தில், 2020 ஜூலை 1-ந் தேதி, ஈரானில் தவித்த மீனவர்கள் உள்பட 687 பேரை ஏற்றிக்கொண்டு கடற்படைக் கப்பல் ஜலஸ்வா நம்ம துறைமுகத்துக்கு வந்தது நினைவிருக்கும். பயோ-டேட்டா, விசா, வேலை ஒப்பந்தம், முதலாளியின் முகவரி, போன் நம்பர் எல்லாவற்றிலும் ஒரு காப்பி எடுத்து வீட்டில் வைத்து விட்டுக் கிளம்புங்கள். ஏதாவது ஒன்று என்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க வருகிற மனைவியிடம் "எந்த கம்பெனிம்மா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.