கும்பகர்ணன் என்று அழைத்தோம்

விடுதியில் என் அறை நண்பனுக்குக் ‘கும்பகர்ணன்’ என்று பெயர் சூட்டியவர்களில் நானும் ஒருவன். முதல் வரிசையில் உட்கார வைத்தாலும் தூங்குவான். சாப்பிடும்போது பிசைந்த சோறு கையிலிருக்கத் தூங்குவான். அதனினும் விந்தை, வயிறு குலுங்கச் சிரித்தால் முழங்கால் துவண்டு சரிந்துவிடுவான். நினைவு மட்டும் தப்பாது. நடிக்கிறான் என்றோம். அது நார்கோலெப்சி என்னும் நோய் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் விலங்கியல் மாணவனான நான் நூலகத்தில் அதைத் தேடிப் படித்தேன்.

எண்ணெய் தீர்ந்த விளக்கு அணைவதுபோல, களைத்த மூளை ஓய்வதே உறக்கம் என்று எண்ணியிருந்தேன். அது தவறு. உறங்க வைப்பதும் மூளையின் ஒரு வேலையே. இதற்குச் சான்று ஒரு கொள்ளைநோயிலிருந்து கிடைத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் வியன்னாவில் கண்ட ஒருவகை மூளையழற்சியைப் பற்றி, கான்ஸ்டன்டின் வான் எக்கனாமோ என்னும் மருத்துவர் 1917-இல் எழுதினார். நோயுற்றோரில் பலர் வாரக்கணக்கில் உறங்கினர். சிலரோ உறக்கமின்றித் தவித்தனர். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, ஓயாது உறங்கியவர்களுக்கு ஹைப்போதலாமஸின் பின்பகுதியும், உறங்காதவர்களுக்கு அதன் முன்பகுதியும் பழுதுபட்டிருந்தன. வாதுமைப் பருப்பளவே உள்ள உறுப்பில் உறக்கத்துக்கு ஓரிடம், விழிப்புக்கு ஓரிடம்! மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் இல்லாத நாளில் இதைக் கண்டது வியப்பே.

உறங்கும்போது சுறுசுறுப்படையும் அணுக்கூட்டம் ஒன்றை, எலிகளின் ஹைப்போதலாமஸ் முன்பகுதியில் 1996-இல் அமெரிக்க அறிஞர்கள் கண்டனர். இவ்வணுக்கள் ‘காபா’ என்னும் பொருளைச் சுரந்து விழிப்பணுக்களை அடக்குகின்றன. விழிப்பணுக்களும் சும்மா இருப்பதில்லை. தம் முறை வரும்போது இவற்றை அடக்குகின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் சுரப்பது ஹிஸ்டமின். சளிக்கு மாத்திரை விழுங்கிவிட்டு வகுப்பில் கண் சொக்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பழைய வகை மாத்திரைகள் மூக்கில் மட்டுமன்றி மூளையிலும் ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கின்றன.

இருபுறமும் ஒன்றையொன்று அடக்குவதால், மின் சுவிட்சைப்போல மூளை ஒன்று இப்பக்கம், இல்லையேல் அப்பக்கம் நிற்கிறது. ஆனால் சுவிட்சு தானாக விழுந்துவிடாமல் விழிப்பின் பக்கம் தாங்கிப் பிடிக்க ஒரு விரல் வேண்டுமல்லவா? அதுதான் ஆரெக்சின். 1998-இல் இரு குழுவினர் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். மறுஆண்டே, பரம்பரையாக நார்கோலெப்சி உள்ள டோபர்மேன் நாய்களில் ஆரெக்சினை ஏற்கும் புரதம் பழுதானது தெரியவந்தது. விருப்பமான தீனியைக் கண்டாலே அந்நாய்கள் மகிழ்ச்சியில் கால் துவண்டு விழுமாம்! 2000-இல், இந்நோயால் துன்புற்று இறந்த மனிதர்களின் மூளையை ஆராய்ந்ததில், ஆரெக்சின் அணுக்களில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை அழிந்திருந்தன.

கனவு காணும்போது நம் தசைகள் தளர்ந்து கிடப்பது இயல்பு. இல்லையேல் கனவில் ஓடுபவன் கட்டிலைவிட்டே ஓடிவிடுவான். ஆரெக்சின் இல்லாதவனுக்கு அத்தளர்ச்சி, விழித்திருக்கையில் சிரிப்பின் நடுவே புகுந்துவிடுகிறது. என் நண்பன் சரிந்தது அதனால்தான்.

அழிந்த அணுக்களை மீட்க இன்று வழியில்லை. மாத்திரையோடு, மதிய இடைவேளையில் கால்மணி நேரம் உறங்கிவிட்டு வகுப்புக்கு வருகிறான். பழைய பெயரால் அவனை இப்போது யாரும் அழைப்பதில்லை. வேடிக்கைக் கதை தொடங்குமுன் மட்டும், அவன் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்த்துக்கொள்கிறோம்.