குட்டி ரயில் – 6: எட்டுக்கு நாலில் எது ஓடும்?

மாதிரி ரயில் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வளைவை. நேர்கோட்டில் எந்த வண்டியும் ஓடும். திரும்பி வர எவ்வளவு இடம் கேட்கிறது என்பதில்தான் ஸ்கேல் முடிவாகிறது.

உலகில் அதிகம் புழங்குவது எச்ஓ. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அடுத்தது ‘என்’. அது 160-ல் ஒரு பங்கு, இடைவெளி 9 மில்லிமீட்டர். எச்ஓவின் ஆரம்ப செட்டுகளில் 18 அங்குல ஆரமுள்ள வளைவு சகஜம். அரைவட்டமடிக்க மூன்றடி; ஓரத்தில் கொஞ்சம் விட்டால் மூன்றரை. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை எச்ஓக்காரர்களின் வழக்கமான தொடக்கமானது இப்படித்தான். அதைச் சுவரோரம் போட்டுவிட்டால், அந்தப் பக்கம் தடம் புரண்ட பெட்டிக்குக் கை எட்டாது! ‘என்’னில் ஜப்பானின் கேட்டோ நிறுவனம் 249 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவு தருகிறது. இரண்டடி அகல மேசை போதும்.

நம் ஊர் எக்ஸ்பிரஸை ஓட்டும் ஆசையா? எல்எச்பி பெட்டி ஒன்று சுமார் 23.5 மீட்டர். எச்ஓவில் 27 சென்டிமீட்டர். 22 பெட்டி கோத்தால் ஏறக்குறைய இருபதடி. ஹாலைத் தாண்டிச் சமையலறைக்குள் போய் நிற்கும். 18 அங்குல வளைவில் அவ்வளவு நீளப் பெட்டி தடுமாறவும் செய்யும். ‘என்’னில் அதே வண்டி பத்தரை அடி.

துல்லியம் பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. பிரிட்டிஷ் என்ஜின்கள் ஐரோப்பாவின் மற்ற என்ஜின்களைவிட ஒடுக்கமானவை. 87-ல் ஒன்றாகச் சுருக்கினால் அந்தக் கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடலை மட்டும் 76-ல் ஒன்றாகப் பெருக்கி, அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார்கள். அதுதான் ஓஓ; ஹார்ன்பி இன்றும் விற்பது. கணக்குப்படி, 1,435 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பாதை 1,257 ஆகிவிடுகிறது. இது பொறுக்காமல் 18.83 மில்லிமீட்டரில் சொந்தமாகத் தண்டவாளம் போடுகிறவர்களும் அங்கே உண்டு. நம் அகலப் பாதைக்கும் இதே வம்புதான். 1,676 மில்லிமீட்டரை எச்ஓவுக்குச் சுருக்கினால் 19.3 வர வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5. எனக்கு இது உறுத்துவதில்லை. ஓடுகிற வண்டியில் தண்டவாளத்தை அளப்பவர் யார்?

‘என்’னின் உண்மையான தொல்லை வேறு. அளவு பாதியானால் எடை பாதியாவதில்லை. எச்ஓ என்ஜினில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கச் சக்கரம் அழுந்தி உட்கார வேண்டும். இலேசான என்ஜின் மெல்லிய தூசிப்படலத்தில்கூட விக்கி விக்கி நின்றுபோகும். ஜன்னல் திறந்தே கிடக்கும் வீடுகளில், ஓட்டும் முன் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடைத்தே ஆக வேண்டும். பஞ்சு வேண்டாம், இழை சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

என் தீர்ப்பு: குழந்தைகள் கைவைக்கும் வீட்டுக்கும், கண்ணாடி போட்டும் சின்ன எழுத்துக்குத் திணறுகிறவர்களுக்கும் எச்ஓ. நீள வண்டிதான் வேண்டும், இடம் இல்லை என்பவர்களுக்கு ‘என்’. ஒன்றை மறக்க வேண்டாம்: இந்திய வண்டிகளின் மாதிரிகள் ‘என்’னில் கிடைப்பது அரிது.

கடைக்குப் போகுமுன் ஒரு நூலும் சாக்பீஸும் எடுத்து, வண்டி ஓடப்போகிற அறையின் தரையில் அந்த வளைவை வரைந்து பாருங்கள். கதவு திறக்க இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பலகை அடிப்போம்.