கணித்தது கன்சோலில், வளர்ந்தது கைபேசியில்

2008 அக்டோபர். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நான்கு வாரங்களே இருந்தன. எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கன்சோலில் ‘பர்ன்அவுட் பேரடைஸ்’ என்ற கார்ப் பந்தயத்தை ஆடிக்கொண்டிருந்தவர்கள், சாலையோர விளம்பரப் பலகை ஒன்றில் பராக் ஒபாமாவைப் பார்த்தார்கள். முன்கூட்டியே வாக்களிக்கும் ஏற்பாடு தொடங்கிவிட்டதை அந்தப் பலகை நினைவூட்டியது. மொத்தம் 18 விளையாட்டுகளில், 10 மாநிலங்களில் இருந்தவர்களுக்கு மட்டும் இந்த விளம்பரம் காட்டப்பட்டது. மற்ற மாநிலங்களில் அதே ஆட்டத்தை ஆடியவர்கள் கண்ணில் ஒபாமா படவில்லை.

விளம்பரத் துறை கனவு கண்ட நாள் வந்துவிட்டதுபோல் இருந்தது. தொலைக்காட்சியை விட்டு நழுவிக்கொண்டிருந்த இளைஞர்கள் வீடியோ கேம் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை ஊர் வாரியாகப் பிரித்துப் பிடிக்க வழியும் கிடைத்துவிட்டது. ‘யாங்கி குரூப்’ என்ற சந்தை ஆய்வு நிறுவனம் ஏற்கெனவே ஒரு கணிப்பை வெளியிட்டிருந்தது. 2005-ல் 5.6 கோடி டாலராக இருந்த விளையாட்டு விளம்பரச் சந்தை 2010-ல் 73.2 கோடி டாலராகும் என்றது அது. பிறகு கணக்கைத் திருத்தி, 2011-ல் 97.1 கோடி டாலர் என்று இன்னும் உயர்த்தியது.

ஆனால், 2010 அக்டோபரில் நடந்தது வேறு. இந்தத் துறையின் முன்னோடி நிறுவனமான ‘மாசிவ்’-ஐ 2006-ல் பெரும் விலை கொடுத்து வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட், அதை இழுத்து மூடியது. ‘ஆட்ஸ்கேப்’ என்ற இன்னொரு விளையாட்டு விளம்பர நிறுவனத்தைக் கூகுள் 2007-ல் வாங்கியிருந்தது. அதுவும் கன்சோல் உலகில் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

விளையாட்டில் விளம்பரம் பெருகும் என்ற கணிப்பு பொய்க்கவில்லை. பெருகப்போகும் இடம் எது என்பதில்தான் கணித்தவர்கள் தவறினார்கள். அது எப்படி நேர்ந்தது என்று பார்த்தால், எந்தச் சந்தைக் கணிப்பையும் எப்படி வாசிப்பது என்பது பிடிபடும்.

பலகையை அளந்த விதம்

விளையாட்டுக்குள் விளம்பரம் என்பது பழைய சங்கதி. 1978-ல் ஸ்காட் ஆடம்ஸ் உருவாக்கிய ‘அட்வெஞ்சர்லேண்ட்’ ஆட்டத்துக்குள்ளேயே அவருடைய அடுத்த ஆட்டத்துக்கான அறிவிப்பு இருந்தது. 1982-ல் வந்த ‘போல் பொசிஷன்’ கார்ப் பந்தயத்தில் நிஜ நிறுவனங்களின் பலகைகள் நின்றன. 1983-ல் கோகோ கோலா, எதிரி நிறுவனமான பெப்சியின் எழுத்துகளைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம் ஒன்றை அடாரியிடம் சொல்லிச் செய்யவைத்து, தன் விற்பனைப் பிரிவினருக்கு 125 பிரதிகள் கொடுத்தது.

இவற்றிலெல்லாம் விளம்பரம் ஆட்டத்தோடு சேர்த்தே பதிக்கப்பட்டிருந்தது. விற்ற பிறகு மாற்ற முடியாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணவும் முடியாது. கன்சோல்கள் இணையத்தோடு இணைந்த பிறகு இரண்டும் சாத்தியமாயின. ஆட்டத்தின் சுவர்களிலும் பலகைகளிலும் இடத்தைக் காலியாக விட்டுவைப்பார்கள். ஆட்டக்காரர் உள்ளே நுழைந்ததும் சர்வரிலிருந்து அன்றைய விளம்பரப் படம் வந்து அங்கே உட்காரும்.

பார்த்தார் என்று எதை வைத்துச் சொல்வது? திரையில் அந்தப் பலகை எவ்வளவு பெரிதாக, எந்தக் கோணத்தில், எத்தனை விநாடி தெரிந்தது என்று மென்பொருள் கணக்கிட்டது. மொத்தம் 10 விநாடி தெரிந்தால்தான் ஒரு பார்வை என்று அமெரிக்க இணைய விளம்பரக் கூட்டமைப்பான ஐ.ஏ.பி. 2009-ல் வகுத்த நெறிமுறை சொன்னது. பந்தயக் கார் ஒரு பலகையைக் கடக்கும்போது அது இரண்டு விநாடி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு பார்வை தேறுவதற்கு ஆட்டக்காரர் ஐந்து சுற்று வர வேண்டும்.

67 சதவீதத்தின் மாயம்

இப்போது கணிப்பின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 5.6 கோடி ஐந்தே ஆண்டில் 73.2 கோடியாக வேண்டுமென்றால், சந்தை ஆண்டுதோறும் சுமார் 67 சதவீதம் வளர வேண்டும். கூட்டு வட்டிக் கணக்குதான் இது. வளர்ச்சி 40 சதவீதம் என்றால் கிடைப்பது 30 கோடி. 20 சதவீதம் என்றால் 14 கோடிகூடத் தேறாது. தொடக்கப் புள்ளி ஒன்றுதான். வளர்ச்சி விகிதத்தைப் பற்றிய ஊகம் மாறினால் முடிவு ஐந்து மடங்கு மாறிவிடுகிறது.

இன்னொரு வகைக் கணக்கும் உண்டு. ஆடுவோர் எண்ணிக்கை, அவர்கள் ஆடும் நேரம், மணிக்கு எத்தனை விளம்பரம், அவற்றில் எத்தனை விற்றுப்போகும், ஆயிரம் பார்வைக்கு என்ன விலை என்று ஐந்து எண்களைப் பெருக்குவது. கவனமாகச் செய்வதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வோர் எண்ணிலும் 20 சதவீதம் கூடுதலாக ஊகித்துவிட்டால், விடை உண்மையைப்போல் இரண்டரை மடங்கு வந்து நிற்கும். பெருக்கலில் பிழைகளும் பெருகும்.

எந்த வளர்ச்சியும் ஒரே வேகத்தில் போவதில்லை. முதலில் மெதுவாக நகர்ந்து, நடுவில் விரைந்து, கடைசியில் தளரும். அமெரிக்கப் பேராசிரியர் ஃபிராங்க் பாஸ் 1969-ல் இதைக் கணிதச் சமன்பாடாக்கினார். தாமாகவே புதியதை வாங்குபவர்கள் சிலர், பிறரைப் பார்த்து வாங்குபவர்கள் பலர் என்ற இரண்டே காரணிகளை வைத்து, வீட்டு உபயோகப் பொருட்களின் விற்பனை எப்போது உச்சம் தொடும் என்று அவர் கணித்தார். ஒரு பொருள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று அந்தச் சமன்பாடு சொல்லும். அதன் இடத்தைப் பிடிக்க வேறொரு பொருள் வந்துகொண்டிருந்தால், அது சமன்பாட்டுக்குத் தெரியாது.

கன்சோல் விளம்பரத்துக்கு நேர்ந்தது இதுதான். பெரிய ஆட்டம் ஒன்றை உருவாக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். வாள் சண்டை நடக்கும் மாய உலகத்தில் குளிர்பானப் பலகையை நட முடியாது. 60 டாலர் கொடுத்து வாங்கியவருக்கு விளம்பரம் என்றாலே எரிச்சல். ஆக, விளம்பரத்துக்கு இடமே குறைவு. போதாக்குறைக்கு 2008-ன் நிதி நெருக்கடி வேறு. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஆப் ஸ்டோரைத் திறந்தது.

ஓர் உயிருக்கு ஒரு வீடியோ

கைபேசி விளையாட்டு கணக்கைத் தலைகீழாக்கியது. ஆட்டம் இலவசம் என்பதால் விளம்பரத்தை ஆட்டக்காரர் சகித்துக்கொண்டார். 2014 தொடக்கத்தில், வியட்நாமில் ஒரே ஒருவர் உருவாக்கிய ‘ஃபிளாப்பி பேர்ட்’ விளம்பரத்தின் மூலம் நாளொன்றுக்கு 50 ஆயிரம் டாலர் ஈட்டுவதாகச் செய்தி வந்தபோது துறையே திரும்பிப் பார்த்தது.

அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘கிராஸி ரோடு’ வந்தது. சாலையைக் கடக்கும் கோழியின் ஆட்டம். விரும்பினால் ஒரு வீடியோ விளம்பரம் பார்க்கலாம், பார்த்தால் விளையாட்டுக் காசு கிடைக்கும். பார்க்காவிட்டாலும் ஆட்டம் தொடரும். முதல் மூன்று மாதங்களில் கிடைத்த சுமார் 1 கோடி டாலரில் 30 லட்சம் இப்படிப்பட்ட வீடியோக்களால் வந்தது. வெகுமதி கொடுத்துப் பார்க்கவைக்கும் இந்த முறைதான் இன்று கைபேசி ஆட்டங்களின் முதுகெலும்பு. ‘கேண்டி கிரஷ்’ ஆட்டத்தை நடத்தும் கிங் நிறுவனம், விளம்பரமே வேண்டாம் என்று 2013-ல் நிறுத்தியது. சில ஆண்டுகளில் அதே நிறுவனம் விளம்பரத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. துறைக்கு உள்ளே இருந்தவர்களாலேயே ஊகிக்க முடியாத திருப்பம் இது.

இமைப்பொழுதில் ஏலம்

ஐந்தாண்டுக் கணிப்பைவிடச் சுவையானது, இப்போது ஒவ்வொரு விளம்பரத்துக்கும் நடக்கும் கணிப்பு. ‘வீடியோ பார்த்தால் இன்னோர் உயிர்’ என்ற பொத்தானை நீங்கள் தொடுகிறீர்கள். அந்த இடத்துக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏலம் முடிகிறது. உதாரணத்துக்கு, ஒரு விளம்பரதாரர் தன் செயலியை ஒருவர் தரவிறக்கினால் 2 டாலர் தருகிறார். உங்களைப் போன்றவர் தரவிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. ஆயிரம் பேருக்குக் காட்டினால் 20 டாலர் வரும். இன்னொருவர் 8 டாலர் தருகிறார், ஆனால் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டுதான். அதில் வருவது 16 டாலர். 2 டாலர்காரரின் விளம்பரம் உங்கள் திரைக்கு வருகிறது.

அந்த ‘நூற்றுக்கு ஒன்று’ என்பதைச் சொல்வது இயந்திரக் கற்றல் மென்பொருள். அது பிசகினால் இழப்பு பெரிது. 2022 தொடக்கத்தில் ஆட்டங்களுக்கு விளம்பரம் வழங்கும் யூனிட்டி நிறுவனத்தின் மென்பொருள், ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து வந்த தவறான தரவுகளை வைத்துப் பயின்றுவிட்டது. அதனால் யாருக்கு எதைக் காட்டுவது என்பதில் தடுமாறியது. அந்த ஆண்டில் சுமார் 11 கோடி டாலர் இழப்பு ஏற்படும் என்று நிறுவனமே அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பயனரின் அனுமதியில்லாமல் செயலிகள் அவரைப் பின்தொடரக் கூடாது என்று ஐபோனில் ஆப்பிள் விதித்த கட்டுப்பாடும் இத்தகைய கணிப்புகளை மங்கச் செய்தது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஆட்டத்துக்குள் வரும் விளம்பரம் பெரும்பாலும் வேறோர் ஆட்டத்துக்கானது. ஒருவர் செலவு மற்றவர் வரவாகிறது. அதனால், வளர்ச்சி விகிதத்தில் எவ்வளவு புதுப் பணம், எவ்வளவு துறைக்குள்ளேயே சுற்றும் பணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொறுமைக்கு ஓர் எல்லை

எந்தச் சமன்பாட்டிலும் இடம்பெறாத ஒன்று ஆட்டக்காரரின் கோபம். 2020-ல் ‘யுஎஃப்சி 4’ சண்டை விளையாட்டின் மறுகாட்சிகளுக்கு நடுவே முழுத்திரை விளம்பரத்தைப் புகுத்திய ஈஏ நிறுவனம், எதிர்ப்புக் கிளம்பியதும் நீக்கியது. 2021-ல் ‘பிளாஸ்டன்’ என்ற மெய்நிகர் ஆட்டத்தில் ஃபேஸ்புக் நிறுவனம் விளம்பரத்தைச் சோதிக்கப்போவதாக அறிவித்ததும், சில நாட்களிலேயே அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் பின்வாங்கினார்கள். காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தில் விளம்பரம் எடுபடாது என்ற பாடத்தைத் துறை திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறது.

“2030-ல் இத்தனை ஆயிரம் கோடி” என்ற தலைப்பை அடுத்த முறை பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். சாலையோரப் பலகை, வெகுமதி வீடியோ, வீடியோ கேம் போட்டிகளின் ஒளிபரப்பு ஆகியவற்றில் எதையெல்லாம் விளையாட்டு விளம்பரம் என்று சேர்த்திருக்கிறார்கள்? ஆண்டு வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள்? எந்தக் கருவியில் ஆடுவோம் என்று நினைத்திருக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத அறிக்கையில் இருப்பது கணிப்பு அல்ல, அதுவும் ஒரு விளம்பரம்தான்.