வார்டு நேரம் – 9: சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

போன வாரம் பார்த்த பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலுக்கு வார்டில் ஒரு மரியாதை உண்டு. கலக்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்ற பயத்தில் அதற்குத் தனி இடம் ஒதுக்கிப் பூட்டி வைப்பார்கள். இன்சுலினுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. தினமும் வேளைக்கு வேளை போடுகிற மருந்து, வீட்டில் நோயாளிகளே போட்டுக்கொள்கிற மருந்து என்பதால் கை அசந்துவிடுகிறது. ஆனால் உயர் எச்சரிக்கை மருந்துகளின் பட்டியலில் பொட்டாசியம், ஹெப்பாரின், மார்ஃபின் ஆகியவற்றோடு இன்சுலினும் இருக்கிறது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இங்கே குப்பி இன்சுலின் இரண்டு அடர்த்தியில் புழங்குகிறது. அதிகம் கண்ணில் படுவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. 10 மில்லி குப்பியில் மொத்தம் 400 யூனிட். மற்றது ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் பெரும்பாலும் இந்த வகைதான். சிரிஞ்சிலும் இரண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மூடியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டால், உடம்பில் அச்சடித்த பொடி எழுத்துதான் அடையாளம். பல நாடுகள் 40-ஐக் கைவிட்டு 100-ஓடு நிறுத்திக்கொண்டன. நாம் இரண்டையும் வைத்துக்கொண்டு, வித்தியாசம் கண்டுபிடிக்கிற பொறுப்பை நைட் டியூட்டி சிஸ்டரின் கண்ணுக்கு விட்டிருக்கிறோம்.

இது எப்படிப் போய் முடியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அம்மாவிடம் 40 குப்பி இருக்கிறது. கடையில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் 20 என்று எழுதியிருப்பதால் 20 என்ற கோடு வரை ஏற்றுகிறார். உள்ளே போவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் 30 ஆக்குகிறார், போவது 12. பிறகு ஒருநாள் காலில் புண்ணோடு வார்டில் சேர்கிறார்.

"வீட்ல எவ்வளவும்மா போடுறீங்க?"

"முப்பது, சிஸ்டர்."

கேஸ் ஷீட்டில் 30 ஏறுகிறது. சிஸ்டர் சரியான சிரிஞ்சை எடுத்து, சரியாக 30 யூனிட் போடுகிறார். அந்த உடம்பு இதுவரை பார்த்ததைப் போல இரண்டரை மடங்கு அது. வார்டில் யாரும் தப்பு செய்யவில்லை. ஆனாலும் சர்க்கரை தடாலென்று இறங்கும். அதனால் எவ்வளவு என்று கேட்பதோடு விடக்கூடாது. வீட்டிலிருந்து குப்பியையும் சிரிஞ்சையும் கொண்டுவரச் சொல்லி, கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஐ.சி.யூ.வில் ஆபத்து எதிர்த் திசையில் வரும். 50 மில்லி சலைனில் 50 யூனிட் கலப்பது வழக்கம். 40 குப்பியிலிருந்து அதற்கு 1.25 மில்லி எடுக்க வேண்டும். கை அதற்குப் பழகியிருக்கும்போது ஸ்டோரிலிருந்து 100 குப்பி வந்தால், அதே 1.25 மில்லியில் 125 யூனிட் போய்விடும். சாதாரண 2 மில்லி சிரிஞ்சில் இன்சுலின் எடுக்காதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

கையெழுத்தும் தன் பங்குக்குக் கெடுக்கும். '10 யூ' என்று ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதினால் அந்த எழுத்து பூஜ்யமாகத் தெரிந்து 100 ஆகிவிடும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-லேயே அந்தச் சுருக்கத்தைத் தடை செய்துவிட்டது. யூனிட் என்று முழுதாக எழுத எவ்வளவு மை செலவாகிவிடப் போகிறது?

ஏற்றிய அளவை இன்னொரு நர்ஸும் பார்த்த பிறகே போட வேண்டும் என்பது நல்ல விதி. இரவில் வார்டுக்கு ஒரே சிஸ்டர் என்றால் இன்னொரு ஜோடிக் கண்ணுக்கு எங்கே போவது? இதை நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். அதுவரை ஒரு வழி உண்டு. மருந்தை ஏற்றியதும் குப்பியை ஃபிரிட்ஜுக்குத் திருப்பி அனுப்பாமல், சிரிஞ்சோடு ஒரே ட்ரேயில் கட்டிலுக்குக் கொண்டுபோய், அங்கே லேபிளையும் கேஸ் ஷீட்டையும் மறுபடி ஒருமுறை படிப்பது.

போடுவதற்கு முன் சாப்பாட்டையும் விசாரித்துவிட வேண்டும். ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுவார்கள். ஊசி போட்ட கையோடு நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டால், இட்லி கட்டிலருகே ஆறிக்கொண்டிருக்க, அவர் அங்கே வரிசையில் வியர்த்து நடுங்குவார். சர்க்கரை 70-க்குக் கீழே போய், நினைவும் இருந்தால் வாய்வழி குளுக்கோஸ். நினைவு தப்பினால் நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். வென்டிலேட்டரில் இருப்பவரால் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல முடியாது. அவருக்கு இன்சுலின் ஓடும்வரை மணிக்கொரு தடவை குளுக்கோமீட்டர்தான் பேச வேண்டும்.

அடுத்த வாரம் ஹெப்பாரின். அதிலும் பார்க்க ஒரே மாதிரி 5 மில்லி குப்பிகள்: ஒன்றில் 5,000 யூனிட், இன்னொன்றில் 25,000.